பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

"கண்ணைத் திறங்கம்மா."

"திறந்துதான்டி இருக்கேன்."

"இதுக்குப் பேர் திறந்ததா? கடை ஷட்டரைப் பாதி இறக்கின மாதிரி இருக்கு."

தோழியின் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மேடம் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. அம்மாவின் தாடையை மெல்லப் பிடித்துத் திருப்பினாள். அடுத்த வாக்குவாதத்துக்கு அம்மா வாயைத் திறக்கும் நேரமாகப் பார்த்து, சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டாள். வாய் திறந்தால் கூடவே கண்ணும் திறக்கும் என்பது மேடத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு.

"எரியுதுடி பாவி."

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். மூலையை விரலால அழுத்திக்கோங்க."

அம்மா திட்டிக்கொண்டே அழுத்திக்கொண்டாள். திட்டினாளே தவிர, கையைத் தட்டிவிடவில்லை. பெற்ற மகளாக இருந்திருந்தால் மருந்துப் புட்டி இந்நேரம் கட்டிலுக்கு அடியில் உருண்டிருக்கும்.

இந்தக் குடும்பங்களை இந்த வாரம்தான் முதன்முதலாகச் சந்திக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளை அந்த வட்டாரமே மேடம் என்று கூப்பிடுவதால் நமக்கும் அவள் மேடம்தான். பக்கத்துக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்கிற தோழி, மேடத்துக்கு வெறும் 'கண்ணாடி'. இரண்டு கடைக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் ஒருத்தி தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து 'மாத்திரை போட்டியா' என்று குரல் வரும்.

இரண்டு வீட்டிலும் நோயாளி உண்டு. கண்ணாடியின் அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம். வேளை தவறாமல் சொட்டு விடாவிட்டால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மேடத்தின் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பிள்ளைகள் வைத்த பெயர் பஸ் மாமா. ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். மனிதர் பிழைத்தார், பேச்சு வந்தது, கையும் வந்தது. வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கொஞ்சம் யோசித்த பிறகுதான் கேட்கிறது.

மகள் மருந்துப் புட்டியை எடுத்தால் அம்மாவுக்கு உடனே தூக்கம் வரும். மனைவி 'காலை நீட்டுங்க' என்றால் பஸ் மாமாவுக்கு அவசரமாகப் பேப்பர் படிக்க வேண்டியிருக்கும். சொந்த மனுஷர்களிடம் மல்லுக்கட்டிச் சலித்துப்போன தோழிகள் இருவரும் ஒரு நாள் நோயாளிகளை மாற்றிக்கொண்டார்கள். அம்மாவின் கண் மேடத்தின் பொறுப்பு. பஸ் மாமாவின் கால் கண்ணாடியின் பொறுப்பு. சாயங்காலம் கண்ணாடி போய் உட்கார்ந்து, 'அண்ணா, இன்னும் கொஞ்சம் தூக்குங்க' என்றால் அவர் வாயைத் திறக்காமல் தூக்குவார். வெளியாள் முன்னால் மானம் போகக்கூடாதே. அதுதான் அவர்களுடைய வைத்தியம்.

அந்த வைத்தியத்துக்கு இன்று மத்தியானம் பரீட்சை. பள்ளிக்கூடத்து சூப்பர்வைசர் பஸ்ஸோடு மைதானத்துக்கு வருகிறார். பஸ் மாமா அவர் முன்னால் ஓட்டிக் காட்டினால் திங்கட்கிழமை முதல் மறுபடியும் வேலை. டாக்டர் 'ஓட்டிப் பார்த்து நீங்களே முடிவு பண்ணுங்க' என்று பொறுப்பைப் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டியிருந்தார். பள்ளிக்கூடம் அதை மேடத்தின் தலையில் கட்டியது. பக்கத்து இருக்கையிலும் பிரேக் உள்ள தன் பயிற்சிக் காரில் கணவரை ஏற்றி வாரக்கணக்கில் ஓட்டவைத்த மேடம், சூப்பர்வைசரிடம் போனில் அடித்துச் சொல்லிவிட்டாள்: முன்னை மாதிரியே ஓட்டறார் சார், பிரேக் கச்சிதம். தயாராகாத ஆளை மேடம் எந்தப் பரீட்சைக்கும் அனுப்பியதில்லை என்பது ஊரறிந்த விஷயம். சூப்பர்வைசர் மறுபேச்சு பேசவில்லை.

மருந்து விட்டுவிட்டுக் கிளம்பிய மேடத்தோடு கண்ணாடி வாசல் வரை கூட வந்தாள். வழக்கமாக அங்கேதான் அன்றைய புலம்பல் எல்லாம் அரங்கேறும். கடை ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகுவது, ஃப்ரேமை மாற்றி மாற்றி வாங்கிப்போய்த் தன் மூக்கைத் தவிர எல்லாவற்றையும் குறை சொல்லும் வாடிக்கையாளர், இடது எது வலது எது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் புது மாணவர்கள். இன்று கண்ணாடி பேசவே இல்லை. மேடம் கார்க் கதவைத் திறந்த பிறகுதான் வாய் வந்தது.

"நேத்து உங்களோட பின் சீட்டில வந்தேன்ல. ஒண்ணு பார்த்தேன்."

"என்ன, சீட் கவர் கிழிஞ்சிருக்கா?"

"உன் கால். அண்ணா பிரேக் போடற இடத்தில எல்லாம் உன் காலும் மிதிக்குது."

மேடம் சிரித்துவிட்டாள். பாதம் பெடல் மேலேயே இருப்பது தொழில் பழக்கம், வைப்பது வேறு மிதிப்பது வேறு, வண்டியே ஓட்டத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எங்கே விளங்கும் என்று ஆரம்பித்தாள். கண்ணாடி விடவில்லை. வைக்கவில்லை, மிதித்தாய், அதுவும் அவர் மிதிப்பதற்கு முன்னால் மிதித்தாய், திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்றாள்.

மேடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பரீட்சை நாளும் அதுவுமாக இப்படியா அபசகுனமாகப் பேசுவது? "உங்க குடும்பத்துக்கே கண்ணு சரியில்லை" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் உள்ளே கட்டிலில் கண்ணை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் நினைவு வந்தது. கண்ணாடி கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். மேடம் கூப்பிட நினைத்தாள். ஆனால் மன்னிப்புக் கேட்பதில் அவள் என்றைக்குமே கொஞ்சம் சுணக்கம். காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

*

காலை வகுப்புக்கு வந்தவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் கருவியை விட்டுக் குடையும்போது துளிகூட நடுங்காத அந்த அம்மாள், எதிரே ஒரு லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மேடத்தின் மாணவர்களில் முதல் தரமான தலைவலி.

அன்றைக்கு மேடத்தின் கவனம் சாலையில் பாதி, தன் வலது காலில் பாதி. செருப்பைக் கழற்றிவிட்டாள். பாதத்தைப் பெடலுக்குப் பக்கத்தில், தரையில் வைத்துக்கொண்டாள். இப்போது பார்த்துவிடலாம், கண்ணாடி சொன்னது பொய் என்று சாட்சியோடு நிரூபித்துவிடலாம்.

சந்தைத் தெரு முனையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். கார் பதமாக நின்றது. பல் டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் உடனே புருவத்தைச் சுருக்கினார்.

"மேடம், நான் கால் வைக்கறதுக்குள்ள பெடல் தானா கீழ போயிடுச்சே. நீங்க மிதிச்சீங்களா?"

மேடம் குனிந்து பார்த்தாள். தரையில் வைத்த கால் தரையில் இல்லை. அது எப்போது எழுந்தது, எப்போது மிதித்தது என்று அதன் சொந்தக்காரிக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமாக யார் யாருடைய வண்டியையோ நிறுத்தி நிறுத்தி, அவளைக் கேட்காமலேயே வேலை பார்க்க அந்தக் கால் பழகிவிட்டிருந்தது.

"ஆமா டாக்டர். நான்தான் மிதிச்சேன்" என்றாள்.

மிச்ச வகுப்பு எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. டாக்டரை அவர் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, ஒரு மர நிழலில் காரை நிறுத்திக்கொண்டு யோசித்தாள். அப்படியானால் கணவர் கச்சிதமாக நிறுத்திய ஒவ்வொரு முறையும் நிறுத்தியது யார்? பள்ளிக்கூட பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பிரேக் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருப்பது பிள்ளைகள். குறுக்கே ஓடுவதும் பிள்ளைகள்தான். தன் வாயால் 'பிரேக் கச்சிதம்' என்று சொன்ன நினைவு வந்தது.

மேடத்துக்குப் பயம் என்பது அபூர்வமான விருந்தாளி. வந்தால் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. நேரே கண்ணாடியின் கடைக்கு வண்டியை விட்டாள்.

*

கடையில் அந்த மூக்குக்காரர் நின்றுகொண்டிருந்தார். புது ஃப்ரேம் காதை இடிக்கிறதாம். கண்ணாடி அவர் காது மேல் விரலை வைத்துப் பொறுமையாக வளைத்துக்கொண்டிருந்தாள். மேடம் உள்ளே வந்ததையே பார்க்காத மாதிரி இருந்தாள். மேடம் காத்திருந்து பார்த்தாள். பொறுக்க முடியாமல், மூக்குக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. அம்மா கண்ணைப் பத்திச் சொன்னது ரொம்பத் தப்பு."

கண்ணாடி ஃப்ரேமை மூக்குக்காரர் கையில் கொடுத்து, நாளைக்கு வாங்க சார், இன்னைக்குக் கடை இவ்வளவுதான் என்று அவரை அனுப்பிவைத்தாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலைத் தோழியின் பக்கம் நகர்த்தினாள். கோபமெல்லாம் அந்த ஒரு நகர்த்தலோடு தீர்ந்துபோயிற்று. அவர்களுக்குள் எப்போதும் அப்படித்தான்.

பல் டாக்டர் சொன்னதை மேடம் சொன்னாள். இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது தலைபோகிற பிரச்சினை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். காலையில் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று தானாகவே மீசையைத் திருத்திக்கொண்டார். விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு களையை அவள் பார்த்ததில்லை. 'நீங்க நிறுத்தலைங்க, நான்தான் நிறுத்தினேன்' என்று சொன்னால் மனிதர் மறுபடி சரிந்துவிடுவார்.

"நான் சொல்லவா?" என்றாள் கண்ணாடி. "அண்ணாவைப் பார்த்துக்கற பொறுப்பு என்னோடதுதானே."

"வேணாம். பிரேக்கை மிதிச்சது நான். நான்தான் சொல்லணும்."

"வாயால சொல்ல வரலைன்னா ஒண்ணு பண்ணு. மைதானத்துக்குப் போனதும் சீட்டில சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கோ. கால் மடங்கி இருந்தா எதை மிதிக்கும்? அவர் ஓட்டட்டும். நிஜம் என்னன்னு அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஒருவேளை நல்லாவே நிறுத்தினாலும் நிறுத்துவார்."

மேடத்துக்கு அந்தக் கடைசி வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போனது. ஆமாம், நிறுத்தினாலும் நிறுத்துவார். சரி, வா, நீயும் கூட வா என்று எழுந்தாள்.

அப்போது கண்ணாடியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தாள். மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தாள். யார் என்று கேட்டதற்கு, முதலில் இன்றைய பொழுது போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாள். அப்படி எதையும் ஒத்திப்போடுகிறவள் இல்லை அவள். மேடம் அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

*

நகராட்சி மைதானத்தின் ஒரு ஓரத்தை டிரைவிங் ஸ்கூல்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் பங்கில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு. ஓட்டி வந்து அந்தக் கோட்டில் நிறுத்த வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம், தவறினால் இடிப்பதற்கென்றே பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்ட ஒரு கம்பம்.

சூப்பர்வைசர் வர இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று மேடம் சொன்னபோது பஸ் மாமா உற்சாகமாகத் தலையாட்டினார். இஸ்திரிச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. வலது காலைக் கையால் லேசாகத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடி பின்னால் ஏறிக்கொண்டாள். மேடம் பக்கத்து இருக்கையில் ஏறி, செருப்பைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, இரண்டு காலையும் மடித்துச் சம்மணம் போட்டாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இடுப்பு வலி" என்று ஒரு காரணமும் சொல்லிவைத்தாள்.

பஸ் மாமா அவள் மடித்த காலைப் பார்த்தார். சாவியில் வைத்த கை அப்படியே நின்றது. அவர் வண்டியைக் கிளப்பவில்லை. முன்கண்ணாடி வழியாக அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைக் கீழ போடு" என்றார்.

மேடத்துக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. மறுகணம் எல்லாம் ஓடியது. ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயப்படும் பல் டாக்டருக்குப் பெடல் தானாக இறங்குவது தெரிகிறது. வாழ்க்கை முழுக்க பிரேக்கின் மேல் கால் வைத்திருந்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்?

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

பின் சீட்டில் கண்ணாடி, இல்லாத ஒன்றைத் தன் கைப்பையில் மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.

மேடத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒவ்வொரு நாளும் 'எப்படிங்க இருக்கு' என்று கேட்டாளே, ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. அவர் தலையைத் திருப்பாமலேயே மெதுவாகப் பேசினார். விழுந்ததிலிருந்து அவருடைய பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும்.

"நீ சந்தோஷமா கேட்டே. எப்படிச் சொல்றது? பெடல் இறங்கும்போது என் காலும் அது மேலதானே இருக்கு. அப்படியே பழகிடும்னு நினைச்சேன். நாளாக ஆக நானே நம்பிட்டேன். காலையில ஜன்னல்கிட்ட உட்கார்ந்து, வேற யாரோ என் பஸ்ஸை ஓட்டிட்டுப் போறதைப் பார்த்துட்டே இருக்க முடியலை. அவ்வளவுதான்."

மேடத்தின் ஆத்திரம் இறங்கிவிட்டது. அவர் மட்டுமா நம்பினார்? அவளும் சேர்ந்துதான் நம்பினாள். கால் தன்பாட்டில் மிதித்தது, மனசும் தன்பாட்டில் 'கச்சிதம்' என்றது. வீட்டில் பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைக்க அவளுக்கும் அவ்வளவு ஆசையாக இருந்தது. அதை அவரிடம் சொன்னாள். அழகாகவெல்லாம் சொல்லவில்லை, எனக்கும் ஆசைதாங்க என்று மட்டும் சொன்னாள்.

"சரி, இப்ப ஓட்டிப் பாருங்க" என்றாள். "கால் மடங்கியே இருக்கட்டும்."

அவர் சாவியைத் திருப்பினார்.

கார் ஒழுங்காகக் கிளம்பியது. கியர் மாற்றியதில், வளைத்ததில், கையில் ஒரு குறை கிடையாது. அந்தக் கை எதையும் மறக்கவில்லை. மைதானத்தைச் சுற்றிக் கோட்டை நோக்கி வந்தபோது மேடம் தன் முழங்கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கோடு வந்தது. அவர் கால் எழுந்தது, யோசித்தது, அப்புறம் மிதித்தது. அதற்குள் கோடு காருக்கு அடியில் போய், பின்னால் போய், டயர்க் கம்பத்தில் தொம்மென்று முட்டிய பிறகுதான் வண்டி நின்றது.

யாருக்கும் அடியில்லை. பம்பரில் ஒரு கீறல். கார் அதைவிடப் பெரிய கீறல்களை எல்லாம் பார்த்த கார்தான்.

பஸ் மாமா இறங்கிப் பின்னால் நடந்து போனார். கோட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த இடைவெளியில் ஒரு குழந்தை தாராளமாக நிற்கலாம். மைதான வாசலில் மஞ்சள் பஸ் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது.

*

சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். சின்ன வயசு, எல்லோரையும் சிரித்த முகத்தோடு பார்ப்பார். பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாவியை நீட்டினார். அவருக்கும் இந்த வேலை சுலபமாக முடிய வேண்டும் என்றுதான் ஆசை.

பஸ் மாமா சாவியை வாங்கவில்லை. "இன்னைக்கு வேணாம் சார். கால் இன்னும் தாமதமாத்தான் வருது. நான் நிறுத்தினா உடனே நிக்கணும். இப்ப நிக்கலை" என்றார்.

சூப்பர்வைசர் மேடத்தைப் பார்த்தார். பிரேக் கச்சிதம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பஸ் மாமா முந்திக்கொண்டார். அவள் சரியாகத்தான் சொன்னாள், நான்தான் தெரிந்தே அவளை ஏமாற்றினேன் என்றார். மேடம் சும்மா இருப்பாளா? இல்லை சார், பக்கத்திலிருந்து மிதித்தது நான், அவர் மேல் தப்பில்லை என்றாள். இல்லை, நான் என்று அவர். நீங்க சும்மா இருங்க என்று இவள். பழியைப் பங்கு போடாமல் மொத்தமாகத் தனக்கே எடுத்துக்கொள்ள இரண்டு பேரும் மைதானத்தின் நடுவில் சண்டை போட்டதைப் பார்த்து, பஸ்ஸை ஓட்டிவந்த தற்காலிக ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தார்.

"ரெண்டு பேரும்தான் சார்" என்று கண்ணாடி தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அது ஓய்ந்தது.

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. இந்தப் பருவம் முடியும் வரைக்கும் தற்காலிக ஆளை வைத்துச் சமாளிக்கலாம், அதற்கு மேல் மேலிடம் பொறுக்காது, புது ஓட்டுநரைப் போட்டுவிடுவார்கள் என்றார். பஸ் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்களாகச் சொன்னதை நான் மறக்க மாட்டேன் என்றார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்.

"ஆனா மேடம், அடுத்த தடவை நீங்க சொன்னா மட்டும் போதாது. நான் வேற ஒருத்தரை வச்சும் பார்ப்பேன்."

மேடம் தலையை ஆட்டினாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவள் யாரிடமும் வாங்கியதில்லை. வலித்தது. ஆனால் நியாயம்தான் என்று பட்டதால் நிமிர்ந்தே நின்று வாங்கிக்கொண்டாள்.

மஞ்சள் பஸ் வந்த வழியே போயிற்று. பஸ் மாமா அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார். மேடம் அவர் முகத்தைப் பார்த்தாள். சரிந்துவிடுவார் என்று பயந்தாளே, அந்த முகம் சரியவில்லை. பரீட்சை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போன மாணவன் முகம் மாதிரி, கொஞ்சம் ஏமாற்றமும் கொஞ்சம் மூச்சுவிட்ட மாதிரியும் இருந்தது.

"பருவம் முடியறதுக்கு இன்னும் நாள் இருக்கு. விட்டுடறதா இல்லை" என்றார். "ஆனா நீ பக்கத்தில உட்காரக்கூடாது."

"சம்மணம் போட்டுக்கறேனே."

"நீ சம்மணம் போட்டாலும் உன் மனசு மிதிக்கும். எனக்கு அது தெரியும். தெரிஞ்சா நான் சோம்பேறி ஆயிடுவேன்." அவர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். "நீ வந்து உட்காரும்மா."

கண்ணாடி இரண்டடி பின்னால் போனாள். "என்ன அண்ணா விளையாடறீங்க? எனக்கு பிரேக் எது, கிளட்ச் எதுன்னே தெரியாதே."

"அதனாலதான்."

மேடத்துக்குச் சட்டம் பேச ஆயிரம் இருந்தது. ஆனால் அம்மாவின் கண்ணுக்கு மகள் கை ஆகாத மாதிரி, அவருடைய காலுக்குத் தன் கால் ஆகாது என்று அவளுக்குப் புரிந்தது. மைதானம் காலியாக இருந்தது. மீறிப்போனால் டயர்க் கம்பம் இருக்கிறது. முதல் கியரிலேயே போங்க, அதுக்கு மேல வேணாம் என்று மட்டும் சொன்னாள். அவர் சரி என்றார்.

கண்ணாடி கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். ஏறாமல் நின்றாள்.

"நான் உட்கார்றேன். ஆனா திங்கக்கிழமை நீ எனக்கு வேணும்."

"கடையில வந்ததே, அந்த போனா?"

"கண் டாக்டர். நேத்தே ஒரு தடவை பேசினார். அம்மாவோட புது டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு, போன்ல சொல்ல மாட்டேன், நேர்ல வாங்கறார். அப்படின்னா நல்லதா இருக்காதுடி. அந்த ரூமுக்குள்ள அம்மாவோட போய் உட்கார என்னால முடியாது. நான் அழுதுடுவேன், அம்மா பயந்துடுவாங்க. நீ உள்ள போ. நான் வெளிய இருக்கேன்."

காலையில் கண்ணைப் பற்றித் தான் சொன்ன அந்த வார்த்தை மேடத்துக்கு நினைவு வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டா இவள் கடையைச் சாத்திவிட்டுத் தன்னோடு வந்தாள்? தோழியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நான் போறேன். அவர் என்ன சொன்னாலும் முழுசாக் கேட்டுட்டு வந்து, ஒண்ணும் மறைக்காம சொல்றேன். போதுமா?"

போதும் என்றாள் கண்ணாடி. பிறகு ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டத் தெரியாமல் இழுத்து, பஸ் மாமாவின் உதவியோடு மாட்டிக்கொண்டு, கீழே இருந்த பெடல்களைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்து, காலை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்துக்கொண்டாள்.

மேடம் மட்டும் வெளியே நின்றாள். இந்த மைதானத்தில் தன்னுடைய கார் ஓடுவதை வெளியிலிருந்து பார்ப்பது அவளுக்கு இதுவே முதல் தடவை.

கார் மெதுவாகச் சுற்றி வந்து கோட்டின் பக்கம் திரும்பியது. மேடத்தின் வலது கால் தன்னையறியாமல் மண்ணை அழுத்தியது. செருப்பு புதைகிற அளவுக்கு அழுத்தினாள். காருக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு வந்தது, கோட்டின் மேல் ஏறியது, கோட்டைத் தாண்டியது. கம்பத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

தாண்டித்தான் நின்றது. ஆனால் அவர் மிதித்து நின்றது.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இறங்கலாமா இல்லை இன்னொரு சுற்றா என்று கேட்டாள். அதற்குள் அவர் ரிவர்ஸ் கியர் போட்டிருந்தார்.